ஒன்பதாவது பெட்டி

சுவிஸில் இருந்து வந்தவர்களுக்கு நெருப்பென்றால் பயம் போலிருக்கிறது என்றுதான் புனிதம் முதலில் நினைத்தாள். பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பயத்தைக் கொண்டுவந்து தன்னுடைய குசினி முகட்டில் எதற்குப் பூட்ட வேண்டும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

தம்பி மரியநேசன் குசினி வாசலில் நின்றான். உள்ளே வரமாட்டான். கருவாட்டு மணம் அவனுடைய உடுப்பில் ஒட்டிக்கொள்ளுமாம். கையில் வெள்ளை நிறத்தில் வட்டமான ஒரு பெட்டி இருந்தது, கோப்பைத் தட்டின் அளவில்.

"இது புகையைக் கண்டால் கத்தும் அக்கா. முன் வீட்டில எட்டுப் போடுறன். இஞ்ச உன்ர குசினியில ஒண்டு. எல்லாத்தையும் வயரால சேர்த்து விட்டால், ஒண்டு கத்தினா ஒம்பதும் கத்தும்."

"என்ர குசினியில புகை வரும்தானே. விறகு அடுப்பெல்லோ."

"அதுக்குத்தான் போடுறது."

"அப்ப ஒவ்வொரு நாளும் கத்துமே."

"கத்தட்டும்," என்றான் மரியநேசன். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் பயம் எதுவும் இருக்கவில்லை. கணக்கு ஒன்று சரிவந்த ஆளின் முகம்தான் இருந்தது. புனிதம் அதைக் கண்டாள். கண்டும் அப்போதைக்கு வாய் திறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவள் விட்ட பெரிய பிழைகளில் அதுவும் ஒன்று.

காணி சிலாவத்தையில், வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. அவர்களுடைய அப்பா எமிலியானின் காணி. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பொம்பிளைப்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆனால் கலியாணம் சரிவந்தால்தான் நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதுவார்கள். எமிலியானும் அப்படித்தான், "கலியாணத்தோட எழுதுவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புனிதத்துக்குப் பேசிவந்த முதல் சம்பந்தம் இடப்பெயர்வோடு போனது. இரண்டாவது சம்பந்தம் மாப்பிள்ளையோடு கனடாவுக்குப் போனது. எமிலியான் வவுனியா முகாமில் கண்ணை மூடினார். கலியாணமும் இல்லை, எழுத்தும் இல்லை.

சண்டை முடிந்து ஊருக்குப் போக விட்டபோது திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான். தோள் உயரத்துக்கு நின்ற பற்றையை வெட்டினாள். கிணற்றுக்குள் கிடந்ததையெல்லாம் அள்ளி எறிந்தாள். தறப்பாள் கூரைக்குக் கீழே மூன்று மாரி இருந்தாள். மீன் வாங்கி வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்து விற்ற காசில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டினாள். பத்தொன்பது வயதில் வெளிநாட்டுக்குப் போன மரியநேசன் அந்த வருடங்களில் நத்தார்ப் பண்டிகைக்கு நத்தார்ப் பண்டிகை தொலைபேசியில் வந்து, "காணி உனக்குத்தான் அக்கா, நான் வந்து என்ன செய்யப்போறன்" என்பான். தொலைபேசியில் சொன்னதை எந்த நொத்தாரிசு பதிவது?

அவன் வந்தான். போன வருடம் வந்தான். அவளுடைய வீட்டுக்கு முன்னால், கடல் காற்று வருகிற பக்கத்தில் இரண்டு மாடி எழுப்பினான். வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதியாம். "வயசு போற காலத்தில உனக்கு ஏன் தனிப் பதிவு" என்று சொல்லி அவளுடைய பெயரைத் தன் குடும்ப அட்டையில் ஏற்றினான். அவளும் தம்பி கரிசனையாகச் செய்கிறான் என்று தலையாட்டினாள். நம்பத் தெரிந்தவளுக்கு நாலு பேரிடம் விசாரிக்கத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். கரண்ட் பில். ஊருக்கு மின்சாரம் வந்தபோது அவள் வரிசையில் நின்று எடுத்த மீற்றர் அது. மாதா மாதம் "எ. புனிதம்" என்று அவளுடைய பெயரிலேயே வரும். ஒரு பில்லையும் அவள் எறிந்ததில்லை. ஓட வேண்டி வந்தால் முதலில் கையில் அகப்பட வேண்டிய பையில், ஞானஸ்நானச் சான்றிதழோடு அவற்றையும் கட்டி வைத்திருந்தாள். அவளுக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லும் தாள் உலகத்தில் அது ஒன்றுதான்.

வயரிங் செய்ய வந்தவள் கிளிநொச்சிக்காரி. தர்மிளா என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆம்பிளைகளின் காற்சட்டையும் கான்வஸ் சப்பாத்துமாக மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினாள். சிரிப்பு என்பது அவளுடைய சாமான் பைக்குள் இல்லை. புனிதத்துக்கு அவளைப் பார்த்த உடனேயே பிடிக்கவில்லை. தம்பியின் காசுக்கு வந்தவளைப் பிடித்து என்ன செய்வது?

"அன்ரி, அந்தக் கருவாட்டுப் பானையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. ஏணி வைக்கோணும்."

"ஏன், நீ தள்ளமாட்டியோ?"

"உடைஞ்சா பிறகு என்னைப் பேசுவியள்."

புனிதம் பானையைத் தள்ளி வைத்தாள், அதுவும் வேண்டுமென்று ஆறுதலாக, மெல்ல மெல்ல. தர்மிளா காத்து நின்றாள். பிறகு ஏறி முகட்டில் துளை போட்டாள். முன் வீட்டில் இருந்து வெள்ளைக் குழாய் ஒன்று மதிலோரமாக வந்து, குசினிச் சுவரில் ஏறி, அந்தத் துளையில் முடிந்தது. அதற்குள் இருந்து மூன்று வயர்களை இழுத்து எடுத்தாள்.

"சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. மஞ்சள்தான் சேதி கொண்டு போறது. இஞ்ச புகை பட்டா மஞ்சளால அங்க போகும். அங்க பட்டா இஞ்ச வரும்."

"நான் கேட்டனானோ?"

"கேட்கேல்லை. வீட்டில இருக்கிற ஆளுக்குச் சொல்லோணும், அது எங்கட வேலை."

மரியநேசன் வாசலில் வந்து நின்றபோது தர்மிளா ஏணியில் நின்றபடியே சொன்னாள். "அண்ணை, விறகு அடுப்புக் குசினிக்குப் புகைப் பெட்டி சரிவராது. சூட்டுக்குக் கத்துற பெட்டி வேற இருக்கு. அதைப் போட்டால் உண்மையா நெருப்புப் பத்தினால்தான் கத்தும்."

"பிளானில என்ன கிடக்கு?"

"புகைப் பெட்டி."

"அப்ப நீர் பிளானைப் பாத்துச் செய்யும். புத்தி சொல்லுறதுக்கு உம்மைக் கூப்பிடேல்லை."

தர்மிளா பெட்டியைத் திருகிப் பூட்டினாள். முறுக்காணியில் காட்டிய வேகத்தில் அவளுக்கு ஏறிய கோபம் தெரிந்தது. புனிதத்துக்கு அது உள்ளூர நல்ல சந்தோசமாக இருந்தது. தம்பிக்கும் அவனுடைய ஆளுக்கும் கொளுவல் வந்தால் யாருக்கு நட்டம்?

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியபோது ஒன்பது பெட்டிகளும் அலறின. காதைக் கிழிக்கிற சத்தம். வாசலில் படுத்திருந்த நாய் வேலிக்குள்ளால் பாய்ந்து ஓடியது. பின்னேரமும் அலறின. மரியநேசன் இரண்டு தரமும் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று படம் எடுத்தான். அடுப்பை எடுத்தான், கறுத்த சுவரை எடுத்தான், அடுக்கியிருந்த விறகை எடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் படம் எடுக்கிற ஆளைப் போல எரிச்சல் தருகிறவன் வேறில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் திரளி மீன் குழம்பு வைத்திருந்தாள். மண்சட்டியில் குழம்பு கொதி வந்து, தேங்காய்ப்பால் விடுகிற நேரம். பெட்டி அலறியது. புனிதம் அகப்பையை விடவில்லை. "கத்து, கத்து, உன்னைப் பூட்டினவனைக் கேட்டுக் கத்து" என்று முகட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே பாலை விட்டாள். அப்போது மரியநேசன் குசினிக்குள் வந்தான். வந்து ஒரு வருடமாக இந்த வாசலைத் தாண்டாதவன், அன்றைக்குத்தான் முதல் தரமாக உள்ளே வந்தான். கையில் வாளி. வாளி நிறையத் தண்ணீர்.

ஒரே ஊற்று. அடுப்பு சீறியது. சாம்பல் கிளம்பி அவளுடைய முகத்திலும் தலையிலும் கொட்டியது. சூட்டில் இருந்த சட்டி இரண்டாகப் பிளந்து, குழம்பு சாம்பலுக்குள் ஓடியது.

"நெருப்புக் காடாக் கிடக்குது! என்ர வீட்டையும் சேர்த்துக் கொளுத்தப் போறியோ?" என்று கத்தினான்.

"அடுப்பில நெருப்பு இல்லாம உன்ர வாயிலயோ இருக்கும்?" புனிதம் முகத்துச் சாம்பலைத் துடைத்தாள். "சோறு வைக்கிற அடுப்பில தண்ணி ஊத்தினனி. எந்தப் பாவியும் செய்யாத வேலையடா இது."

"நீ இதுக்குள்ள இருக்கேலாது அக்கா. முன் வீட்டில ஒரு அறை தாறன். அங்க வந்து இரு. இஞ்ச இனி அடுப்பு எரியக்கூடாது."

பிறகுதான் சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தான். மீற்றரை மூடச்சொல்லிக் கேட்கிற படிவம். அவளுடைய பெயர், மீற்றர் இலக்கம் எல்லாம் ஏற்கனவே நிரப்பிக் கிடந்தது. ஒப்பத்துக்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது.

"கரண்ட் வேலைக்காரி சொல்லிப்போட்டாள். ஒரே வயரில சேர்த்த பெட்டிக்கு ரெண்டு மீற்றர் இருந்தால் ஆபத்தாம். உன்ரதை மூடோணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒப்பம் வை."

தாளை ஈர அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். புனிதம் அன்று சமைக்கவில்லை. பாணும் சம்பலும் வாங்கித் தின்னக்கூட மனம் வரவில்லை. சாம்பலைக் கூட்டி அள்ளிக்கொண்டு, பிளந்த சட்டியின் இரண்டு துண்டுகளையும் பார்த்து அழுதாள். சட்டிக்காக அழவில்லை. தம்பிக்குத் தண்ணீர் ஊற்றக் கை வந்ததே, அதற்காக அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கடைசிச் சோதனைக்காகத் தர்மிளா வந்து மோட்டர்சைக்கிளை நிறுத்தியதுதான் தாமதம். புனிதம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பிளையோ? என்ர மீற்றரை மூடச்சொல்லிச் சொன்னனியாம். உனக்கு நான் என்னடி செய்தனான்?"

தர்மிளா தலைக்கவசத்தைக் கழற்றினாள். படிவத்தை வாங்கி வாசித்தாள்.

"நான் சொல்லேல்லை."

"பொய் சொல்லாத."

"பொய் சொல்ல எனக்கென்ன தேவை அன்ரி? பெட்டி ஒம்பதும் ஒரே மெயினில இருந்து எடுக்கோணும், அது சரி. அதுக்கு முன் வீட்டு மெயினில இருந்துதான் வயர் இழுத்திருக்கு. உங்கட மீற்றர் அதோட முட்டவும் இல்லை. அது இருந்தால் இருந்திட்டுப் போகட்டும். ஒரு விசயம் மட்டும்தான். நீங்கள் உங்கட மெயினை நிப்பாட்டினாலும் இந்தப் பெட்டியில கரண்ட் நிக்கும். அதைத் தெரியாமல் ஆரும் கழற்றினால் அடிக்கும். அதால ரெண்டு வீடு, ரெண்டு மீற்றர் எண்டு நான் என்ர அறிக்கையில எழுதோணும்."

"அப்ப அவன் ஏன் மூடச்சொல்லுறான்?"

தர்மிளா கொஞ்சநேரம் அவளைப் பார்த்தாள். சொல்லலாமா விடலாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு பையில் இருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்து மோட்டர்சைக்கிள் இருக்கையில் விரித்தாள். விடுதிக்கு அனுமதி எடுக்கப் பிரதேச சபைக் கந்தோருக்குக் கொடுக்கிற பிளான். அதில் முன் வீடு இருந்தது, அறைகள் இருந்தன, எட்டு வட்டங்கள் இருந்தன. பின்னால் புனிதத்தின் வீடு இருந்த இடத்தில் ஒரு சதுரம். அதற்குள் ஒன்பதாவது வட்டம். சதுரத்தின்மேல் அச்செழுத்தில், "விடுதிச் சமையலறையும் களஞ்சியமும்" என்று இருந்தது.

புனிதம் அதை விரலால் தொட்டு வாசித்தாள். அவள் படுக்கிற அறை களஞ்சியம். மாதா சொரூபம் வைத்திருக்கிற அறையும் களஞ்சியம். அப்படி ஒரு ஆள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. மீற்றரும் போய்விட்டால் வேறெங்கும் இருக்கப்போவதில்லை. நேற்றுத் தண்ணீர் ஊற்றியது கோபத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"நேசன்!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு, அலாரம் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

அவன் மேல் மாடியில் இருந்து இறங்கி வந்தான். விரித்துக் கிடந்த பிளானைக் கண்டதும் தர்மிளாவைத்தான் முதலில் பிடித்தான். "இதை ஆரைக் கேட்டுக் காட்டினனீர்?"

"பெட்டி பூட்டின வீட்டு ஆளுக்குப் பிளான் காட்டுறது எங்கட முறை."

"இது என்ர வீடு."

"மீற்றர் அவாவின்ர பேரில ஓடுது. நான் மீற்றரைத்தான் பாப்பன்."

"அது இண்டைக்கு மூடுப்படும்." அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "ஒப்பம் வைச்சிட்டியோ?"

புனிதம் படிவத்தை நாலாகக் கிழித்தாள். எட்டாகக் கிழித்தாள். துண்டுகளை அவனுடைய காலடியில் போட்டாள்.

"களஞ்சியத்துக்கு ஒப்பம் வைக்கத் தெரியாதடா."

மரியநேசனின் முகம் சிவந்தது. "சரி. பெட்டி எட்டுப் போதும். பின்னால உள்ளதைக் கழற்றும்."

"கழற்றலாம்," என்றாள் தர்மிளா. "ஆனால் பிளானில ஒம்பது கிடக்கு. என்ர அறிக்கையும் பிளானும் ஒத்துவராட்டிக் கந்தோரில எடுக்கமாட்டினம். பிளானை மாத்திக் கீறி வர எத்தனை நாள் பிடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரியும். அன்று நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால், அனுமதி கொடுக்கிற அடுத்த கூட்டம் மூன்று மாதத்துக்குப் பிறகு. அடுத்த மாதமே பேர்ண் நகரில் இருந்து இரண்டு குடும்பங்கள் வருவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்தான்.

"நான் வேற ஆளைப் பிடிக்கிறன்."

"பிடியுங்கோ. ஆர் வந்தாலும் ஒம்பது பெட்டியையும் முதலில இருந்து சோதிச்சுப் போட்டுத்தான் ஒப்பம் வைப்பான். வைக்கிறவனும் வாசலில ரெண்டு மீற்றரைக் கண்டால் ரெண்டு வீடு எண்டுதான் எழுதுவான்."

மரியநேசன் கடலைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"அப்ப என்னதான் வழி?" என்று கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு வழி இருக்கு. பின்னால உள்ளது வேற ஆளின்ர வீடு எண்டு பிளானிலயும் அறிக்கையிலயும் கையால எழுதி, நீங்கள் ஒப்பம் வைக்கோணும். ரெண்டு வீட்டுப் பெட்டியையும் சேர்க்க அந்த வீட்டுக்காரர் சம்மதம் எண்டு அவாவும் ஒப்பம் வைக்கோணும். பெட்டியும் சூட்டுப் பெட்டியா மாத்துவன். இல்லாட்டி நான் என்ர பேரை இதில வைக்கமாட்டன்." தர்மிளா அறிக்கைப் புத்தகத்தை எடுத்தாள். "மூண்டு பிரதி. ஒண்டு கந்தோருக்கு, ஒண்டு உங்களுக்கு, ஒண்டு அவாவுக்கு."

அந்த மூன்றாவது பிரதி என்ன தாள் என்பது அவனுக்கும் விளங்கியது, புனிதத்துக்கும் விளங்கியது. அது காணி உறுதி இல்லைத்தான். நாளைக்கு அவன் வழக்குக்குப் போகலாம். ஆனாலும் அவன் தன் கைப்பட எழுதிய எழுத்தை எந்த நீதிமன்றத்தில் போய் இல்லையென்று சொல்வான்?

"நீ ஒப்பம் வைப்பியோ?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"நீ எழுது. பிறகு பாப்பம்."

எழுதினான். பேனை தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினான். பிளானில் களஞ்சியத்தை வெட்டினான். அறிக்கையில் ஒன்பதாவது பெட்டிக்கு நேரே, "பின் வீடு. வேறு வீடு" என்று எழுதினான். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில், "எ. புனிதம்" என்று எழுதினான். மீற்றர் இலக்கத்தை அவள் பாராமலே சொன்னாள், அவன் குனிந்து எழுதிக்கொண்டான். இலக்கத்தை அவளிடம் இன்னொரு தரம் கேட்க வேண்டி வந்தது அவனுக்கு. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அதை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை.

கடைசியாக ஒரு கட்டம் வந்தது. இரண்டு வீட்டுக்காரருக்கும் இடையில் உள்ள உறவு முறை. அங்கே பேனை நின்றது. மரியநேசன் தலையை நிமிர்த்தி, அன்று முதல் தரமாக அவளை நேரே பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது முழுக்கப் பகை. பிறகு குனிந்து ஒரு சொல்லை எழுதி, ஒப்பத்தையும் வைத்து, புத்தகத்தை அவளுடைய பக்கம் தள்ளிவிட்டான்.

தர்மிளா எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. "அன்ரி, இதை மாத்தி எழுதச் சொல்லலாம். பிழையா எழுதியிருக்கிறார்."

புனிதம் புத்தகத்தைக் கிட்ட எடுத்தாள். உறவு முறை என்ற கட்டத்துக்குள், "ஒன்றுமில்லை" என்று இருந்தது.

அவனைக் குளிப்பாட்டிய கை, வெளிநாட்டுக்குப் போகிற அன்று பையில் கருவாடு கட்டிவைத்த கை, இப்போது பேனையைப் பிடித்திருந்தது. அழுதால் அவனுக்கு முன்னால் அழ வேண்டும். அழவில்லை.

"மாத்த வேண்டாம் பிள்ளை," என்றாள். "அவன் சரியாத்தான் எழுதியிருக்கிறான்."

அந்தச் சொல்லுக்குக் கீழே, வீட்டு உரிமையாளரின் ஒப்பம் என்ற இடத்தில், எழுத்துக் கூட்டி, ஆறுதலாக, முழுப் பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தாள்.